அடுக்கடுக்காய் எழும் பட்டர் பிஸ்கட்

ஸ்கந்தபுரத்து வெயிலில் பட்டரை மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உருகிவிடும். அமெரிக்கத் தென்மாநில வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குச் சுடும் உயரமான பிஸ்கட்டுக்கோ அது கட்டியாகவே இருக்கவேண்டும். அதனால் இங்கே விடிய முன்னரே வேலையைத் தொடங்குவது நல்லது.

250 கிராம் கோதுமை மா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு. கல்லுப்போலக் குளிர்ந்த 100 கிராம் பட்டரைச் சீவி மாவில் உதிர்த்து, குளிர்ந்த பசுமோர் முக்கால் கோப்பை விட்டு அள்ளிச் சேர்த்தால் போதும். பிசையவே கூடாது, பிசைந்தால் இறுகி ரொட்டியாகிவிடும். தட்டி மடித்து, திரும்பத் தட்டி மடிக்க அடுக்குகள் பிறக்கின்றன. 220 பாகைச் சூட்டில் அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் பட்டர் உருக, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை மேலே தூக்குகிறது. கையளவு மா அப்படி எழும்புவது எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

ஒரு அங்குலத் தடிப்பில் வெட்ட, இருபக்கமும் திறந்த ரின்பால் பேணி போதும். நேராக அழுத்துங்கள், திருகினால் ஓரம் ஒட்டிப்போய் உயராது. அவண் இல்லையா? அந்தக்காலத்தில் கேக் சுட்டதுபோலச் சட்டியை மூடி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போடலாம். வாசம் அதில்தான் அதிகம்.

சூடு ஆறமுன் பிரித்து, பிளேன்ரீயோடு சாப்பிடுங்கள். ஆறினால் பாதிச் சுவை போய்விடும்.