இரவலும் களவும்

தமிழ் இலக்கணம் களவுக்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. ஆயினும் அது காதலர் மறைவிற் கூடும் களவு; நாளடைவில் கற்பாக மலர்ந்து ஊரறிய நிற்பது. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டும் களவுக்கு அத்தகைய மலர்ச்சி இல்லை. அது வெளிப்படும் நாள் நாணும் நாளே ஆகும்.

இதனை ஈண்டுப் பேசக் காரணம் உண்டு. தாய்நிலம் விட்டுத் தொலைவில் வாழும் நம் பிள்ளைகள் எழுதிய திருக்குறள் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. இரண்டு கட்டுரைகளில் ஒரே பத்தி இருந்தது. ஒன்றில் ‘நன்மை’ என இருந்தது, மற்றொன்றில் ‘நலம்’ என மாறியிருந்தது. வேறு வேறுபாடு இல்லை. மூலநூலின் அச்சுப்பிழை ஒன்றும் இரண்டிலும் அப்படியே இடம்பெற்றிருந்தது. பிழை களவுக்குச் சான்று கூறியது. எனினும் அப்பிள்ளைகளைக் கள்வர் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வந்த உரைநூல் ஒன்றுதான் வீட்டில் இருக்கும். “அதைப் பார்த்து எழுது” என்று நாம்தாம் சொல்லியிருப்போம். பார்த்து எழுதுவதற்கும் படித்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் சொல்லித் தரவில்லை. குறை நம்முடையது.

மேற்கோள் காட்டும் முறை மேலைநாட்டார் வந்து கற்பித்த ஒன்று எனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. மணிமேகலையில் சாத்தனார் ஒரு குறளை எடுத்தாளும் இடத்தைப் பார்ப்போம். அங்கே மூன்று செயல்கள் நிகழ்கின்றன. குறளின் சொற்கள் சிதையாமல் வருகின்றன. ‘என்ற’ என்னும் சொல் மேற்கோள் எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. ‘பொய்யில் புலவன்’ என்னும் தொடர் அதனைச் சொன்னவரைப் போற்றுகிறது. சொல், எல்லை, சொன்னவர் என்னும் இம்மூன்றும் அமைந்தால் அது மேற்கோள். ஒன்று குறையினும் ஐயத்துக்கு இடமுண்டு. இன்று நாம் இரட்டை மேற்கோட்குறியால் செய்வதைச் சாத்தனார் ஒரு சொல்லால் செய்து முடித்தார்.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். வழிநூல் செய்வது இழுக்கு என்று அவர் கருதவில்லை. முன்னோர் முடிபை ஏற்று, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைக் கூறுவதே வழிநூலின் இலக்கணம். சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யையும் அவர் வைத்தார். நூல் எவ்வழியில் வந்தது என்பதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நூலுக்குரிய எழுவகை மதங்களில் உடன்படல், மறுத்தல், பிறர்நூற் குற்றம் காட்டல் ஆகியனவும் அடங்கும். பிறர் கருத்து இது, தம் கருத்து இது எனப் பிரித்துக் காட்டாதவன் உடன்படுவது எங்ஙனம்? மறுப்பதுதான் எங்ஙனம்?

உரையாசிரியர் பலர் நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் காட்டினரே எனலாம். உண்மை. அவர்கள் முன் அமர்ந்த மாணாக்கர்க்கு அப்பாடல்கள் மனப்பாடம். பெயர் சொல்லத் தேவை இருந்திலது. அத்தொடர்பு அறுந்த பின் விளைந்த இடர்ப்பாட்டை உ. வே. சாமிநாதையர் அறிவார். 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக நச்சினார்க்கினியர் உரையை ஆராய்ந்தபோது, அதில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை எனத் தேடி அவர் பட்ட பாட்டைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இதற்கு மறுதலையாகப் புறத்திரட்டு விளங்குகிறது. அதனைத் தொகுத்தவர் யார் என நாம் அறியோம். ஆனால் அவர் எடுத்த பாடல்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்னும் குறிப்பு அதில் உண்டு. முத்தொள்ளாயிரத்தின் பாடல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை அந்நூற்பெயரோடு இன்று நம் கையில் இருப்பது அதனாலேயே. அக்குறிப்பு இல்லையேல், அவை யாருடையனவோ எனக் கிடந்திருக்கும். தம் பெயரைச் சொல்லாத ஒருவர் பிறர் நூலின் பெயரைக் காத்தார். மேற்கோள் அறத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, பிறர் கருத்தைத் தம் சொல்லால் கூறுவது பற்றி ஒரு சொல். இதிலேதான் பெரும்பாலோர் வழுவுகின்றனர். எடுத்துக்காட்டுக்காக நாமே ஒரு தொடர் அமைப்போம்: “சங்கப் பாடலில் நிலம் வெறும் பின்னணி அன்று, அது பாடலின் உள்ளத்தைப் பேசும் பாத்திரம்.” இதனை, “சங்கச் செய்யுளில் நிலம் வெற்றுப் பின்புலம் ஆகாது, அது செய்யுளின் மனத்தை உரைக்கும் மாந்தர்” என மாற்றுவது எழுதுவது ஆகாது, பழைய நகைக்குப் புதிய மெருகிடுவது. தொடரின் எலும்பு அதுவே. தோல் மட்டும் வேறு. “நிலத்தைப் பாத்திரமாகக் காண்கிறார் இன்னார். குறிஞ்சிக்கு இது பொருந்தும், பாலைக்கு முழுதும் பொருந்துமா என ஆராய வேண்டும்” என்றால் அஃது எடுத்தாளுதல். அங்கே முன்னவர்க்குப் பெயர் உண்டு. எழுதுபவர்க்கு எண்ணம் உண்டு.

எளிய வழி ஒன்றைக் கூறுவோம். பகுதியைப் படித்தபின் நூலை மூடிவையுங்கள். சற்று நேரம் சென்றபின் நினைவில் நிற்பதை எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். தொடர் ஒத்திருந்தால் மேற்கோட்குறி இடுங்கள். கருத்து ஒத்திருந்தால் பெயர் இடுங்கள். ஒருவர் நூலில் கண்ட மேற்கோளை மூலத்தையே கண்டதுபோல் எழுதவும் வேண்டா. “இன்னார் எடுத்துக்காட்டியவாறு” என்பதில் இழிவு இல்லை. நூலகம் தொலைவாயுள்ள நமக்கு இது அடிக்கடி நேரும்.

பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையாயின. எவரும் அச்சிடலாம், ஆயினும் அவற்றின்மேல் தம் பெயரை எவரும் பொறிக்க இயலாது. உரிமை தீரலாம், நன்றிக்கடன் தீர்வதில்லை.

திருமணத்துக்கு இரவல் நகை அணிவது நம் வீடுகளில் புதிதன்று. “அழகாயிருக்கிறதே” எனக் கேட்டால், “அக்காவுடையது” என்று மகிழ்ந்து சொல்கிறோம். அதனால் அழகு குறைவதில்லை, உறவு தெரிகிறது. நம் பிள்ளைகளின் கட்டுரையிலும் அவ்வுறவு தெரியட்டும். பரிசு பெறாத கட்டுரையாயினும், அதில் தம் சொற்களாக ஐந்து வரி இருந்தால், தமிழுக்கு அவ்வைந்து வரியே வரவு.