கரையில் தங்கிய பெயர்

நாகூர்க் கடைத்தெருவில் நிக்காஹ்வுக்கோ கல்யாணத்துக்கோ பட்டு எடுக்கப் போனால், "கலாக்ஷேத்ரா பார்டர் காட்டட்டுமாக்கா?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அடையாறும் தெரிய வேண்டாம், பரதநாட்டியமும் தெரிய வேண்டாம். அகலமான கரை, உடலுக்கு எதிர்நிறம், அவ்வளவுதான் அர்த்தம். நிறுவனத்தின் பெயர் ஒரு வகையின் பெயராகிவிட்டது. ஒரு வடிவமைப்பு மையத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது?

ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அடுத்த வருஷமே நெசவுப் பிரிவும் வந்துவிட்டது. பாரிஸில் ஷனேல் போன்றவர்கள் துணியை எப்படி வெட்டுவது என்று யோசித்த காலம் அது. புடவையில் வெட்டுக்கு வேலையே இல்லை. அதனால் ருக்மிணி தேவியின் வடிவமைப்பு முழுக்கத் தேர்வுதான்: பழைய புடவைகளிலிருந்து எந்தக் கரையை மீட்பது, எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்ப்பது. புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதைவிட, மறந்துபோக இருந்ததை மறுபடி விரும்ப வைத்தார் என்பதே சரி.

ஆனால் பரவியது எது? தோற்றமா, செய்முறையா?

கோர்வைப் புடவையில் கரைக்குத் தனி ஊடை, உடலுக்குத் தனி ஊடை. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு ஊடைகளும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் அரக்குக் கரை அரக்காகவே, மஞ்சள் உடல் மஞ்சளாகவே நிற்கிறது. ஒரே நாடாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட்டினால், உடலின் நிறம் கரையிலும் கலங்கித் தெரியும். இன்று 'கலாக்ஷேத்ரா' என்று விற்கிற பலவும் இந்த ரகம்தான். என் தொழில் பாஷையில் சொன்னால், முகப்பை நகலெடுத்துவிட்டோம், உள்ளே ஓடும் நிரல் வேறு.

"விலை குறையுதே, அதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாராலும் கோர்வைப் பட்டு வாங்க முடியாது. அழகு பரவுவதை யாரும் தடுக்கவும் கூடாது. ஆனால் அந்த விலையில் கழிவது தறியில் உட்கார்ந்த இரண்டாவது ஆளின் கூலி. பெரும்பாலும் அந்த ஆள் நெசவாளியின் வீட்டு மனுஷர்தான், அவர் பெயரை நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

கலாக்ஷேத்ராவின் தாக்கத்தைப் பேசும்போது நாட்டியத்தையும் ருக்மிணி தேவியின் ரசனையையும் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அந்த ரசனை நிலைத்திருக்க இரண்டு பேர் உட்காரும் தறி வேண்டும். அந்த இரண்டாவது இடம் காலியாகிவிட்டால், மிஞ்சுவது ஒரு பெயர் மட்டும்தான்.