மார்லியின் கடிதங்களும் பெயரற்ற இருவரும்

கடித இலக்கியம் என்றவுடன் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவன மு. வரதராசனாரின் கடித நூல்கள். அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதப்பட்டனபோல் அமைந்த அவை, தொடக்கத்திலிருந்தே அச்சேறுவதற்கென்று எழுதப்பட்டவை. படிப்போர் யாவர் என்பதை ஆசிரியர் அறிவார். அதற்கேற்பச் சொல் தேர்ந்தார். இதற்கு மாறான கடிதங்களும் உலகில் உண்டு. ஒருவர் கண்ணுக்கென எழுதப்பெற்று, கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தீர்மானித்து, எழுதியவராலேயே பின்னாளில் தெரிந்தெடுக்கப்பட்டு வெளியானவை அவை. இவ்வகைக்குத் தக்க சான்று, 1905 முதல் 1910 வரை இந்திய ஆட்சியைப் பற்றி ஜான் மார்லி மிண்டோ பிரபுவுக்கு எழுதிய கடிதங்கள்.

1905 நவம்பரில் மிண்டோ இந்தியாவின் வைசிராயாகப் பதவியேற்றார். அடுத்த திங்களில் இலண்டனில் மார்லி இந்தியா மந்திரியானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1910 நவம்பரில் இருவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் பதவி நீங்கினர். இவ்விருவரைப் போல் இயல்பால் மாறுபட்ட இணையைக் காண்பது அரிது. மார்லி நூலோர் மரபினர். பர்க், வால்டேர், ரூசோ ஆகியோரைப் பற்றி எழுதியவர். கிளாட்ஸ்டனின் வரலாற்றை 1903இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டவர். கொள்கையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஆராய்ந்து 1874இலேயே ஒரு நூல் செய்தவர். ஆயினும் இந்திய மண்ணில் அவர் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. மிண்டோ படைவீரர், குதிரைப் பந்தயத்தில் பெயர் பெற்றவர், 1898 முதல் 1904 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனாரும் இந்தியாவை ஆண்டவரே. 1811இல் சாவகத்தின் மீது படை நடத்திச் செல்லும் வழியில் மலாக்காவில் தங்கியிருந்த மிண்டோ பிரபு அவர்தாம்.

அந்நாளில் தந்தி இருந்தது. அவசரச் செய்திகள் அதன் வழியே சென்றன. ஆனால் உள்ளத்தைத் திறந்து பேசுவதற்குக் கப்பல் அஞ்சலே வழி. வாரந்தோறும் மார்லி எழுதினார்; வாரந்தோறும் மிண்டோவும் எழுதினார். ஒரு கடிதத்திற்கு மறுமொழி வந்து சேர ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. ஆகவே இவை ஒன்றற்கொன்று விடையாக அமைந்த கடிதங்கள் என்பதைவிட, ஒரே வேளையில் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டு நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்து சென்ற கடிதங்கள் என்பதே பொருந்தும்.

மிண்டோ 1914இல் மறைந்தார். 1917இல் மார்லி தம் நினைவுக் குறிப்புகளை இரு தொகுதிகளாக வெளியிட்டு, அவற்றுள் மிண்டோவுக்குத் தாம் எழுதிய கடிதங்களின் பகுதிகளை விரிவாகச் சேர்த்தார். மிண்டோவின் மறுமொழிகளோ அவ்வாறு இடம் பெறவில்லை. வழக்கொன்றில் வாதியின் கூற்று மட்டும் அச்சேறியது போன்றதே இது. மிண்டோவின் தரப்பை 1934இல் அவர் துணைவியார் தம் நாட்குறிப்போடு சேர்த்து வெளியிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவர், மார்லியின் நடையழகில் மயங்கிவிடுவர்.

நடையழகு மிக்கவை என்பதில் ஐயமில்லை. மார்லியின் சொற்கள் சுருக்கமானவை, நகை விரவியவை, தக்க இடத்தில் ஓர் உவமை வந்து விழும். ஆனால் அவ்வுவமைகளை நிறுத்தி ஆராயவேண்டும். 1907இல் ஆர்புரோத் நகரில் வாக்காளர்முன் பேசியபொழுது, கனடாவுக்கு ஏற்ற ஆட்சிமுறை இந்தியாவுக்கும் ஏற்கும் என்போரை மறுக்க, கனடாவின் பனியில் சுகமளிக்கும் மென்மயிர்ச் சட்டை தக்காணத்தின் வெயிலுக்கு ஆகுமா என்று அவர் கேட்டார். கேட்டோர் சிரித்திருப்பர். ஆனால் தன்னாட்சி என்பது தட்பவெப்பத்திற்கேற்ப மாற்றும் உடையா என்னும் வினா அச்சிரிப்பில் மறைந்துபோகிறது. உவமை ஈண்டு பொருளை விளக்கவில்லை. வாதத்தின் இடத்தில் தான் அமர்ந்துகொண்டது. அணியிலக்கணம் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி கிடைத்தல் அரிது.

கடிதங்களிலும் இவ்வாறே. 1906 அக்டோபர் முதல் நாள், ஆகா கான் தலைமையில் முஸ்லிம் தூதுக்குழு ஒன்று சிம்லாவில் மிண்டோவைக் கண்டு தனித் தொகுதிகள் வேண்டிற்று. மிண்டோ பரிவுடன் விடையிறுத்தார். அன்றே ஓர் அதிகாரி, ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அரசின் எதிரிகளோடு சேராவண்ணம் தடுத்த அருஞ்செயல் இது எனப் பாராட்டி எழுதியதை மிண்டோவின் துணைவியார் நாட்குறிப்பில் பெருமையோடு பதிந்துள்ளார். தனித் தொகுதிகள் 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பரில் மார்லி எழுதிய கடிதமொன்று, அந்தப் பூசலைத் தொடக்கியவர் மிண்டோவே என்று நினைவூட்டுகிறது. வேட்டையில் புதரில் கிடந்த முயலை முதலில் எழுப்பி ஓடவிட்டவர் நீர் என்னும் பாங்கில் அச்சொல் அமைகிறது. வேட்டையும் குதிரையும் பழகிய ஒருவருக்கு வேட்டைமொழியிலேயே குற்றம் சாட்டிய நயம் வியக்கத்தக்கது. எனினும், தனித் தொகுதிகளுக்கு இறுதியில் இசைந்து சட்டத்தை நிறைவேற்றிய அமைச்சர் மார்லிதான். முயலை எழுப்பியவர் ஒருவராக இருக்கலாம். வேட்டையில் உடன் ஓடியவர் இருவர். மறுமொழி கூற மிண்டோ உயிரோடில்லாத 1917இல் இக்கடிதம் அச்சேறியது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மார்லியின் மனச்சான்று கடிதங்களில் அடிக்கடி பேசுகிறது. அது செயலாகும் விதம்தான் குழப்பமானது. 1907 மே மாதத்தில் லாலா லஜபதி ராயை விசாரணையின்றி மாந்தலேக்கு நாடு கடத்த, 1818ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குவிதி ஒன்றைப் பயன்படுத்தினர். மார்லி இசைந்தார், நாடாளுமன்றத்தில் அதனைக் காத்தும் பேசினார். 1908 டிசம்பரில் வங்காளத்தில் ஒன்பதின்மர் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் அவர்களை விடுவிக்குமாறு மிண்டோவை அவர் பலமுறை வற்புறுத்தினார்; 1910 பிப்ரவரியில்தான் விடுதலை வந்தது. முதலில் இசைதல், பிறகு வருந்துதல், அதன்பின் அவ்வருத்தத்தை அழகுற எழுதுதல் என்னும் வரிசை இக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

இவற்றுள் தமிழர் தனியே எடுத்துப் படிக்கவேண்டிய கடிதம் 1908 ஜூலைக்குரியது. அம்மாதம் 7ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, சுதேசிக் கப்பற் கம்பெனியை நடத்திய வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் தீவாந்தர தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். சில நாள்களில் மார்லி மிண்டோவுக்கு எழுதினார். பம்பாயில் கல்லெறிந்தோர்க்கு ஓராண்டுச் சிறை என்பதைச் சுட்டிச் சினக்கிறார். திருநெல்வேலித் தண்டனைகள் நிலைக்கக் கூடாதவை, அவற்றைத் தம்மால் எவ்வகையிலும் ஆதரித்துப் பேச இயலாது என்கிறார். அளவிறந்த கடுமை அமைதிக்கு வழியன்று, வெடிகுண்டுக்கே வழி என எச்சரிக்கிறார். திருக்குறளில் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரம் பயின்றவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஆனால் ஆளும் நாட்டின் அமைச்சர் ஒருவர் தம் ஆட்சியையே நோக்கி இத்துணை வெளிப்படையாகக் கூறியது அரிய செய்தி. இங்கே உவமையில்லை, நகையில்லை. மார்லியின் கடிதங்களுள் மிகச் சிறந்தது இதுவே எனலாம்.

எனினும் அக்கடிதத்தில் அவ்விருவர்க்கும் பெயரில்லை. திருநெல்வேலியைச் சேர்ந்த இரு மனிதர் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சொல்லைத் தேர்ந்து எழுதிய ஒருவர் பெயரைக் கூற மறந்தார் என்று கொள்வதைவிட, பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை என்று கொள்வதே பொருந்தும். அவர் கவலைப்பட்டது தண்டனையின் அளவைப் பற்றி, தண்டிக்கப்பட்டவரைப் பற்றியன்று. இங்கிலாந்தின் நற்பெயருக்கு நேரும் இழுக்கே அவர் கண்ணில் முதலில் பட்டது. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிகொள்ளும் முறையை எடுத்துரைத்ததும் அரசியல் அறிவுரைதான். அங்கே புலவர் பேசியது குடிகளின் பக்கம் நின்று. மார்லி நின்ற இடம் வேறு.

இக்கடிதத்தால்தான் தண்டனை குறைந்தது என எழுதிவிடுவதும் தவறு. தண்டனையைக் குறைத்தது சென்னை உயர்நீதிமன்றம். மேல்முறையீட்டில் இருவர்க்கும் ஆறாண்டு என்றாயிற்று. கோவைச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரனார், பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் வெளிவந்தார்.

மார்லி விட்ட பெயரைத் தமிழ் நிரப்புகிறது. சிதம்பரனார் தம் வாழ்க்கையைத் தாமே செய்யுளில் பாடிவைத்தார். கைது, வழக்கு, சிறை ஆகியவற்றை அனுபவித்தவரின் வாய்மொழி அது. 1908ஆம் ஆண்டை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், மார்லியின் கடிதத்தையும் இச்செய்யுளையும் ஒரே பாடவேளையில் மாணவர்முன் வைக்கலாம். 1917இல் மார்லியின் நூல் இலண்டனில் வெளிவந்தபொழுது, வழக்குரைக்கும் உரிமையை இழந்த சிதம்பரனார் சென்னையில் வறுமையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.