சத்தியத்தைத் தேடுபவனும் தேநீர்க் கோப்பையும்

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிப்பது நம் முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலப் பழக்கம். நசிவிலக்கியம், பொழுதுபோக்குச் சரக்கு, உழைப்பவனின் கவனத்தைத் திசைதிருப்பும் தந்திரம் என்று தீர்ப்பெழுதிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறோம். மாணவரோ அதைப் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டுமே இருக்கின்றனர். மக்கள் விரும்பிச் சுவைக்கும் ஒரு கலைவடிவம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்க மறுக்கிறது என்று ஆராய்வதே பயனுள்ள வேலை. இந்நோக்குடன், 1993இல் இந்தியத் தூரதர்சனில் ஒளிபரப்பான ‘பியோம்கேஷ் பக்சி’ என்னும் இந்தித் தொடரின் முதற் பருவத்தை எடுத்துக்கொள்வோம். பாசு சாட்டர்ஜி இயக்கிய இத்தொடருக்கு 1997இல் இரண்டாம் பருவமும் வந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் தூரதர்சன் அதை மீண்டும் ஒளிபரப்பியபோது புதிய தலைமுறையொன்றும் அதன் சுவையை அறிந்துகொண்டது.

பியோம்கேஷைப் படைத்தவர் வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய. 1932இல் எழுதத் தொடங்கி, 1970இல் மறையும்வரை அப்பாத்திரத்தை அவர் வளர்த்துவந்தார். ஷெர்லக் ஹோம்ஸின் நிழல் அதன்மீது படிந்திருப்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும் அந்நிழலிலிருந்து விலகி நிற்கவே அவர் முயன்றார் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அந்த ஹோம்ஸைச் சற்றே நினைவுகூர்வோம். 1984இல் பிரித்தானியாவின் கிரனாடா நிறுவனம் ஒளிபரப்பிய முதற் பருவத்தில் ‘புள்ளிப் பட்டை’ என்ற கதையும் உண்டு. அதில் வரும் கொடிய மருத்துவன் கல்கத்தாவில் வாழ்ந்த காலத்தில், தன் இந்தியப் பணியாளனை அடித்தே கொன்றவன். மூலக்கதையில் அக்கொலைக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. கொல்லப்பட்டவனுக்குப் பெயர்கூட இல்லை. துப்பறிவாளரின் கூர்த்த மதி முழுவதும் இங்கிலாந்து மாளிகையில் நிகழ்ந்த சாவுக்கே செலவாகிறது. அதே கொனன் டொயில் 1892இல் எழுதிய வேறொரு சிறுகதையில் இலங்கையையும் தொட்டுச் செல்கிறார். கோப்பிப் பயிரை நோய் அழித்தபின் தேயிலையை வளர்த்தெடுத்த தோட்டத்துரைமாரின் நெஞ்சுரத்தை வியந்து, அத்தோட்டங்களை வாட்டர்லூப் போர்க்களத்து நினைவுச்சின்னத்துக்கு ஒப்பிடுகிறார். காட்டை வெட்டிக் கன்று நட்ட தென்னிந்தியத் தொழிலாளிக்கு அந்த ஒப்புமையில் இடமில்லை. துரும்பைக் கண்டு ஆளையே சொல்லிவிடும் கண்ணைப் படைத்தவருக்கு ஒரு மலைநாடு முழுவதும் நிறைந்திருந்த மனிதர் தென்படவில்லை!

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் பியோம்கேஷின் சிறப்பு விளங்கும். அவன் வேட்டி கட்டிய மத்தியதர வர்க்கத்து வங்காளி. ‘டிடெக்டிவ்’ என்ற சொல்லை வெறுத்து, ‘சத்தியான்வேஷி’ என்று தன்னை அழைத்துக்கொள்கிறான்; சத்தியத்தைத் தேடுபவன் என்று பொருள். ரஜித் கபூர் அவனை அலட்டலின்றி, குரலுயர்த்தாமல், எதிரிலிருப்பவன் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் மனிதனாக நடித்திருக்கிறார். அஜித்தாக வரும் கே. கே. ரைனாவும் வாட்சனைப் போல வியந்து வாய்பிளப்பவரல்லர். நண்பனோடு வாதாடும் எழுத்தாளர். துப்பாக்கிச் சண்டையும் அரைகுறை ஆடை நடனமும் இல்லாமல், நான்கு சுவர்களுக்குள் நடக்கும் உரையாடலாலேயே பார்வையாளரைக் கட்டிப்போட முடியும் என்று பாசு சாட்டர்ஜி நிரூபித்தார். இன்றைய தொலைக்காட்சியின் ஆரவாரத்துக்கிடையே இது சாமானியச் சாதனையன்று.

முதற்கதையையே பாருங்கள். கல்கத்தாவின் மலிவான விடுதியொன்றில் வேலையில்லாத இளைஞனாக மாறுபெயரில் வந்து தங்குகிறான் பியோம்கேஷ். அங்கே ஏழைகளுக்கு மருந்து கொடுத்து நற்பெயர் பெற்ற ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அவரே கொக்கெய்ன் வியாபாரி; அதை அறிந்துவிட்ட விடுதிவாசியின் கழுத்தை அறுத்தவரும் அவரே. தருமவான் வேடத்துக்குள் வணிகன் ஒளிந்திருப்பதைச் சுட்டும் இக்கதை வெறும் புதிரோடு நின்றுவிடவில்லை. அடுத்து வரும் ‘வழியில் முள்’ கதை இன்னும் கூர்மையானது. உங்கள் பாதையிலுள்ள முள்ளை அகற்றித் தருகிறேன் என்று ஒருவன் பத்திரிகையில் விளம்பரம் செய்கிறான். சைக்கிள் மணியிலிருந்து கிராமபோன் ஊசி பாய்ந்து நெஞ்சைத் துளைக்கிறது. கொலை ஒரு சரக்காகி, விளம்பரத்தோடு சந்தைக்கு வந்துவிட்டது. 1930களின் கல்கத்தாவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

ஆனால் இவ்விடத்தில்தான் தொடரின் எல்லையும் தெரிகிறது. ஊசியை எய்தவன் பிடிபடுகிறான். காசு கொடுத்து முள்ளெடுக்கச் சொன்னவர்கள் கதையின் ஓரத்திலேயே தங்கிவிடுகின்றனர். ‘உயில்’ கதையில், உயிலை மாற்றி மாற்றி எழுதித் தன்னை அண்டியிருப்போரை ஆட்டிப்படைக்கும் கிழவர் கொலையுண்கிறார். எவன் கொன்றான் என்று கேட்கிறோம். அவ்வளவு பேரைக் கையேந்த வைத்த சொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. சத்தியம் ஒரு பெயரோடு முடிந்துவிடுகிறது.

இத்தொடரில் ஓயாது வருவது தேநீர். பியோம்கேஷ் சிந்திக்கத் தொடங்கினால், பணியாள் புட்டிராம் கோப்பையோடு வருவான், வைத்துவிட்டுப் போவான். நம் தமிழ்வாணனின் சங்கர்லாலும் தேநீர்ப் பிரியர்தாம். மர்மமெல்லாம் தேநீரில் கரைகிறது. தேநீரின் மர்மத்தை மட்டும் ஒருவரும் ஆராய்வதில்லை. சோட்டா நாக்பூரிலிருந்து அஸ்ஸாமுக்கும் துவார் பகுதிக்கும் கொண்டுசெல்லப்பட்ட ஆதிவாசிகளும், இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் கங்காணிமாரால் கண்டிச்சீமைக்கு அழைத்து வரப்பட்டோரும் அந்தக் கோப்பைக்குள்ளே மறைந்துபோனவர்கள். மலையகத்தான் ஒருவன் இத்தொடரைப் பார்க்கையில் கண்கள் கதாநாயகனைவிட்டு விலகி அக்கோப்பையில் நிலைத்துவிடுவது தவிர்க்க முடியாதது.

கொஸ்லந்தையில் வாழும் எமக்குக் குற்றம் என்ற சொல் வேறொரு பொருளையும் தருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மண்ணுக்குள் புதைத்தது. இறந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது; முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது, பிறகு சுருங்கியது. துப்பறியும் கதையில் பிணம் முதலில் கிடைக்கும். உண்மை கடைசியில் வரும். இங்கே உண்மை முன்னரே வந்துவிட்டது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையே கழிந்தன ஒன்பது ஆண்டுகள். ‘அபாயம் என்று அறிந்தும் ஏன் போகவில்லை?’ என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? குடியிருந்த லயனும் சொந்தமில்லை, வேறிடத்தில் ஒரு துண்டு நிலமும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டு மீண்டது, காணி மீளவில்லை.

இக்குற்றத்தில் கைவிரல் ரேகை கிடையாது. பூதக்கண்ணாடியால் தேடுவதற்கு ஒன்றுமில்லை. கோப்புகளைத் திறந்தால் போதும். ஒற்றைக் குற்றவாளியைச் சுட்டும் விரல் இங்கே எந்தப் பக்கம் நீள்வது? கம்பனியையா, அரசையா, தேர்தல் காலத்தில் மட்டும் மலையேறும் தலைவர்களையா? பியோம்கேஷ் தனக்கிட்டுக்கொண்ட பெயர் எத்தகைய பாரமானது என்பதை அவனைப் படைத்தவரும் இயக்குநரும் முற்றாக உணரவில்லை என்றே கூறுவேன். ஆயினும் அப்பெயரை எமக்குத் தந்தமைக்காக அத்தொடருக்கு நன்றி சொல்லலாம். அந்த அளவுகோலைக் கொண்டே அதை அளக்கிறோம்.

மலைநாட்டில் சத்தியம் தேடப்பட்டதே இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். சாதாரணமாக அக்காலத்துத் தோட்டத்துச் சாவு அத்தோடு மறக்கப்பட்டிருக்கும். தொழிலாளரும் இடதுசாரிகளும் எழுப்பிய குரலால் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அந்த அறையில் தொப்பியும் புகைக்குழாயும் அணிந்த மேதை எவருமில்லை. கோவிந்தனின் விதவை சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா எழுந்து நின்று, சுட்ட பொலிசாரைக் கேள்வி கேட்டார்.