மெலிந்த போனும் கரிசல் வெயிலும்

விவோ நிறுவனம் 2014 டிசம்பரில் இந்தியச் சந்தையில் கால் வைத்தபோது முன்னிறுத்திய போன் எக்ஸ்5 மேக்ஸ். தடிமன் 4.75 மி.மீ. உலகிலேயே மெல்லிய ஸ்மார்ட்போன் என்ற பெருமையோடு வந்த அதன் விலை 32,980 ரூபாய். உள்ளே இருந்த பேட்டரி 2000 எம்.ஏ.எச். அதே நிறுவனம் 2025 ஏப்ரலில் டி4 என்ற போனை வெளியிட்டது. தடிமன் ஏறத்தாழ 7.9 மி.மீ., பேட்டரி 7300 எம்.ஏ.எச்., தொடக்க விலை 21,999 ரூபாய். இந்த இரண்டு போன்களுக்கும் நடுவில் கடந்த பத்து ஆண்டுகளில்தான் விவோ இந்தியாவில் அதிகம் விற்கும் நிறுவனங்களின் முன்வரிசைக்கு வந்தது. மெலிவோடு உள்ளே நுழைந்தவர்கள், வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பேட்டரிப் பக்கம் போனார்கள். கரிசல் பூமியின் கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ விளாத்திகுளத்திலோ ஒரு போன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தக் கேள்வி காதில் விழும்: “சார்ஜ் நிக்குமா?”

ஆனால் உலகின் இரு பெரும் நிறுவனங்கள் 2025இல் எதிர்த்திசையில் நடந்தன. மே மாதம் சாம்சங் 5.8 மி.மீ. தடிமனில் கேலக்ஸி எஸ்25 எட்ஜைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் ஆப்பிள் 5.6 மி.மீ. தடிமனில் ஐபோன் ஏரை வெளியிட்டது. இந்தியாவில் வெளியானபோது முதலாவது 1,09,999 ரூபாய். இரண்டாவது 1,19,900 ரூபாய். எடை 163 கிராம், 165 கிராம். இரண்டுக்கும் டைட்டானியம் சட்டகம். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் அவற்றை அழகில்லை என்று சொல்லமாட்டார்கள்.

சிக்கல், விலைச்சீட்டை அருகில் இருக்கும் போனோடு சேர்த்துப் படிக்கும்போது தொடங்குகிறது. எட்ஜ் வெளியானபோது, அதே சாம்சங்கின் எஸ்25 பிளஸ் 99,999 ரூபாய்க்குக் கிடைத்தது. திரை அளவு ஒன்றுதான், சிப்பும் ஒரே குடும்பம்தான். பிளஸ்ஸில் 4900 எம்.ஏ.எச். பேட்டரி, எட்ஜில் 3900. பிளஸ் 45 வாட்டில் சார்ஜ் ஏறும், எட்ஜ் 25 வாட்டில். தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலிபோட்டோ கேமராவும் எட்ஜில் இல்லை. ஒன்றரை மி.மீ. தடிமனைக் குறைத்துக்கொள்ள இத்தனையையும் இழந்து, மேலும் 10,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. ஆப்பிளின் கணக்கு இதைவிடக் கடுமை. 82,900 ரூபாய்க்கு வெளியான ஐபோன் 17இல் பின்பக்கம் இரண்டு கேமரா, இரண்டு ஸ்பீக்கர். அதைவிட 37,000 ரூபாய் கூடுதலான ஏரில் ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்கள் 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பர் 1 அன்று தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டாக ஏற்றியபோது, பெட்டிக்குள் இருந்த 36 குச்சியை 50 ஆக்கின. விலை ஏறும்போது வாங்குபவருக்கு ஏதாவது கூடுதலாகத் தர வேண்டும் என்பது இந்த ஊர் வியாபாரத்தின் அடிப்படை நியாயம். மெல்லிய போனின் விலையில் அந்த நியாயம் தலைகீழாகக் கிடக்கிறது.

மெலிவுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. எடைதான் அதன் உண்மையான வரம். இன்றைய பெரிய போன்கள் கனத்துவிட்டன; எஸ்25 அல்ட்ரா 218 கிராம், ஐபோன் 17 புரோ மேக்ஸ் 230 கிராமுக்கும் மேல். வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு அரைமணி நேரம் வீடியோவில் பேசும் பாட்டிக்கு, பகலெல்லாம் தீப்பெட்டி அடைத்த விரல்களோடு இரவில் போனைப் பிடிக்கும் பெண்ணுக்கு, ஐம்பது அறுபது கிராம் குறைவது சிறிய விஷயமல்ல. மடக்கு போன்களில் மெலிவு இன்னும் அவசியமாகிறது. 2019இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டை மடித்தால் ஏறத்தாழ 17 மி.மீ.; சட்டைப் பையில் வைக்க முடியாத பொருள். 2025இன் இசட் ஃபோல்ட்7 மடித்தால் 8.9 மி.மீ. அங்கே குறைக்கப்பட்ட ஒவ்வொரு மி.மீட்டரும் ஒரு காரியத்துக்காகக் குறைக்கப்பட்டது.

எட்ஜிலும் ஏரிலும் அப்படி ஒரு காரியம் தெரியவில்லை. ஏரின் மேற்பகுதியில் கேமராவும் சிப் உள்ள மதர்போர்டும் அடங்கிய மேடு இருக்கிறது. அந்த இடத்தில் தடிமன் 11 மி.மீட்டருக்கு மேல். தடிமன் மறையவில்லை, ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கிறது. அதோடு இந்த ஊரில் போன் வாங்கும் எல்லோரும் கடைவாசலைத் தாண்டுவதற்குள் பின்கவரும் டெம்பர் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துப் பெற்ற மெலிவு, சில நூறு ரூபாய்க் கவருக்குள் போய்விடுகிறது. எடைக் குறைவு மட்டும் மிஞ்சுகிறது.

கரிசல் காட்டில் இந்த போன்களுக்கு வைக்கப்படும் கடினமான சோதனை வெயில். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடங்களில் பயன்படுத்துமாறு ஆப்பிளே சொல்கிறது. 35 டிகிரிக்கு மேலான வெப்பம் பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்றும் அதன் குறிப்பு எச்சரிக்கிறது. சித்திரை, வைகாசியில் கோவில்பட்டி வட்டாரத்தில் 35 டிகிரி என்பது முற்பகலிலேயே தாண்டிவிடும் எல்லை. மரம் அருகிய வெட்டவெளி, பாளம் பாளமாக வெடித்த நிலம், வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கருப்பு மண். எந்த போனும் இங்கே திணறும். ஆனால் மெல்லிய போன் சீக்கிரம் திணறும். அதே வேகமான சிப், சுற்றிலும் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளக் குறைந்த உலோகம், பரவவிட இடமில்லை. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆப்பிள் தன் 17 புரோவுக்கு அலுமினிய உடலும், நீராவி முறையில் வெப்பத்தைப் பரப்பும் வேப்பர் சேம்பரும் கொடுத்தது, ஏருக்குக் கொடுக்கவில்லை. சாம்சங் எட்ஜுக்குள் மெல்லிய வேப்பர் சேம்பர் ஒன்றைப் பொருத்தியது. அந்த அக்கறையைக் குறிப்பிட்டாக வேண்டும்.

போன் சூடேறினால் என்ன ஆகும் என்பதும் ஆப்பிளின் உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது. திரை மங்கும். சார்ஜ் ஏறுவது தடைபடும். கேமரா ஃபிளாஷ் எரியாமல் போகலாம். சிக்னல் வாங்கும் பகுதி தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். உச்சிவெயிலில் திரை பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில் அது மங்குவதும், டவர் தொலைவாக இருக்கும் காட்டில் சிக்னல் மேலும் தேய்வதும் இந்த வட்டாரத்துக்காரருக்கு வேலை கெடும் விஷயம்.

கேமராவிலும் இதே கதைதான். 2018இல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியதிலிருந்து கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்குப் போன் ஒரு பயிர்க் கருவியாகவும் ஆகிவிட்டது. குருத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவையும், இலையில் அது சுரண்டிய தடத்தையும் படமெடுத்து வேளாண் அலுவலருக்கோ உரக்கடைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி மருந்து கேட்கிறார்கள். இதற்கு வேண்டியது மிக அருகில் குவியும் மேக்ரோ படம். ஐபோன் 17இல் அந்த வேலையைச் செய்வது அல்ட்ராவைடு கேமரா. ஏரில் அந்தக் கேமராவே கிடையாது. ஆகவே மேக்ரோவும் இல்லை. 48 மெகாபிக்சல் ஒற்றைக் கேமரா மனிதர்களை நன்றாகப் படமெடுக்கும். குருத்துக்குள் நெளியும் சிறு புழுவை அதனால் அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது.

சிம் விஷயம் இன்னும் அன்றாடமானது. ஏரில் சிம் அட்டை போட இடமே இல்லை, இசிம் மட்டும்தான். போன் தரையில் விழுந்து திரை போனால் சிம்மைக் கழற்றி, வீட்டில் கிடக்கும் பட்டன் போனில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பது இந்த ஊர்களின் வழக்கம். வங்கி ஓடிபியும் கேஸ் சிலிண்டர் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. இசிம்மை மாற்ற இணையம் வேண்டும், இசிம் ஏற்கும் இன்னொரு போன் வேண்டும். பட்டன் போன்களில் அந்த வசதி கிடையாது. பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் இசிம் தரத் தொடங்கியதே 2025 ஆகஸ்டில்தான். எட்ஜில் சாம்சங் சிம் அட்டைக்கு இடம் வைத்திருப்பது இங்கே பெரிய நன்மை.

பேட்டரியைப் பற்றி ஆப்பிள் சொல்வதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஏரில் 27 மணி நேரம் வீடியோ பார்க்கலாம் என்கிறது. ஐபோன் 17க்குச் சொல்வது 30 மணி. ஆனால் சிறிய பேட்டரியின் செலவு ஒரு நாளில் தெரியாது, ஆண்டுகளில்தான் தெரியும். புதிய ஐபோன் பேட்டரிகள் 1000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நாளொன்றுக்கு முக்கால் சுற்று செலவழித்தால் அந்த எல்லையைத் தொட மூன்றரை ஆண்டுக்கு மேலாகும். ஒன்றரைச் சுற்று செலவழிப்பவருக்கு இரண்டு ஆண்டு முடிவதற்குள் வந்துவிடும். கரிசல் வெயில் அதை இன்னும் முன்னே இழுக்கும்.

இந்தக் குறைக்கு ஆப்பிள் விற்கும் மருந்து, ஏரின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி. வெளியானபோது விலை 11,900 ரூபாய். ஐஃபிக்ஸிட் நிறுவனம் பிரித்துப் பார்த்தபோது, போனுக்குள் இருக்கும் அதே அளவு பேட்டரிதான் அதற்குள்ளும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் 1,31,800 ரூபாய். இன்னும் 3,100 ரூபாய் போட்டால் ஐபோன் 17 புரோவே வந்திருக்கும். தனி பேட்டரியை ஒட்டினால் மெலிவும் போய்விடுகிறது.

அதே ஐஃபிக்ஸிட் ஏரைப் பழுது பார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் தந்தது. பேட்டரியை மாற்றுவது கடினமல்ல. 2014இல் ஐபோன் 6 பிளஸ் கால்சட்டைப் பைக்குள்ளேயே வளைந்ததாக எழுந்த புகார்கள் பலருக்கு நினைவிருக்கும். ஏரும் எட்ஜும் வளைத்துப் பார்த்த சோதனைகளில் உறுதியாகவே நின்றன. மெலிந்தால் ஒடியும் என்ற பழைய அச்சம் இவற்றுக்குப் பொருந்தாது. தூசியும் தண்ணீரும் புகாத ஐபி68 தரமும் இரண்டுக்கும் உண்டு. புழுதியும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கும் நிலத்தில் அது உதவும்.

இந்த விலையில் வாங்குபவர்கள் கோவில்பட்டியில் சிலரே. சென்னையிலும் பெங்களூரிலும் குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து, எப்போதும் சார்ஜர் அருகில் இருக்க வேலை செய்யும் இளைஞர்களுக்கு இந்தக் குறைகளில் பாதி உறைக்காது. எடைக் குறைவு மட்டும் பிடித்துப்போகும். கவலைக்குரியது, மெலிவு மோகம் கீழ்விலைக்கு இறங்குவதுதான். 2025 செப்டம்பரில் டெக்னோ நிறுவனம் போவா ஸ்லிம் என்ற போனை 19,999 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது: 5.95 மி.மீ., 156 கிராம், 5160 எம்.ஏ.எச். விவோ டி4 தொடக்க விலையில் இதைவிட 2,000 ரூபாய் கூடுதல், இரண்டு மி.மீ. தடிமனும் 43 கிராம் எடையும் கூடுதல். பேட்டரி 2140 எம்.ஏ.எச். கூடுதல். நூறு நாள் வேலையில் 2025–26க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். 19,999 என்பது ஏறத்தாழ 60 நாள் கூலி. வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், பிள்ளையின் பாடமும் அம்மாவின் பணப் பரிமாற்றமும் அப்பாவின் மழை எச்சரிக்கையும் அதிலேயே என்று வாழும் குடும்பத்துக்கு அந்த 2140 எம்.ஏ.எச். மாலை நேரத்து உயிர். தவணையில் போன் எடுக்கும் குடும்பத்தின் முன் மெலிவை விளம்பரமாக வைப்பதில் நியாயமில்லை.

2025 அக்டோபர், நவம்பர் வாக்கில் ஏர் உற்பத்தியை ஆப்பிள் குறைத்ததாகவும், அடுத்த எட்ஜ் திட்டத்தைச் சாம்சங் கைவிட்டதாகவும் வணிகப் பத்திரிகைகள் எழுதின. அப்படியே மெலிவு முடிந்துபோக வேண்டியதில்லை. அதே நவம்பரில் மோட்டோரோலா வெளியிட்ட எட்ஜ் 70, 5.99 மி.மீட்டருக்குள் 4800 எம்.ஏ.எச். பேட்டரியை அடக்கியிருந்தது. சிலிக்கன்–கார்பன் பேட்டரிகள் அதே இடத்தில் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குவதால் இது முடிந்தது. ஏர், எட்ஜ் இரண்டிலும் ஆப்பிளும் சாம்சங்கும் இந்த வகைப் பேட்டரியைப் பயன்படுத்தவில்லை. 7 மி.மீ. தடிமன், 170 கிராமுக்குள் எடை, 6000 எம்.ஏ.எச்., சிம் அட்டைக்கு ஓர் இடம், வெயிலில் மங்காத திரை: கரிசல் நிலம் கேட்கும் போன் இதுதான், அதைச் செய்யும் தொழில்நுட்பமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுவரை, எட்ஜுக்கும் ஏருக்கும் கேட்கும் கூடுதல் பணத்தைக் கோவில்பட்டிக்காரர் கொடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.