முதல் மரியாதை கறுப்பு ஒயருக்கு

கார் ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது எத்தனை வாட்ஸ், எத்தனை சேனல், எந்த பிராண்டு என்று கடைக்காரரைக் குடைந்தெடுக்கிறோம். அதை பேட்டரியோடு இணைக்கப்போகும் ஒயரைப் பற்றி வாயே திறப்பதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் ‘ஆம்ப் கிட்’ என்று கேட்டால் பளபளக்கும் கவர் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். உள்ளே ஐந்து மீட்டர் சிவப்பு ஒயர், ஒரு மீட்டர் கறுப்பு ஒயர், மெல்லிய நீல ரிமோட் ஒயர், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள், கண்ணாடி ஃபியூஸ் வைத்த ஹோல்டர், கொஞ்சம் லக்குகள் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். அப்படி ஒரு கிட்டை வாங்கி, பழைய ஸ்விஃப்ட் ஒன்றில் நான்கு சேனல் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையருக்குப் போட்டுப் பார்த்தேன். ஆம்ப் முன் சீட்டுக்கு அடியில். டேஷ்போர்டில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ.

கவரில் ‘8 கேஜ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நுனியைச் சீவினால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் தோல்தான். இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டினேன்; செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. லைட்டர் தீயில் பிடித்தால் நல்ல செம்பு இழை சிவந்து நிற்கும். இது சுருண்டு, உருகி, உதிர்ந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கம்பி. சிசிஏ-வே மோசம் என்று சொல்ல மாட்டேன். செம்பு கடத்துவதில் சுமார் 60 முதல் 65 சதவீதம் அது கடத்தும்; அந்த அளவுக்குத் தடிமனைக் கூட்டிப் போட்டால் போதும். இங்கே தடிமனைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்; கண் மதிப்பில் இது 10 கேஜ்கூடத் தேறுமா என்பது சந்தேகம்.

கணக்குப் போட்டால் புரியும். இந்த ஆம்ப் முழு வேகத்தில் ஓடும்போது 25 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிஜமான 8 கேஜ் செம்பு என்றால் ஐந்து மீட்டரில் கால் வோல்ட் விழும். 10 கேஜ் சிசிஏ என்றால் 0.65 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் கிடைப்பதில் இது பெரிய இழப்பா என்று கேட்கலாம். பேஸ் அடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த 0.65 வந்து வந்து போகும் என்பதுதான் சிக்கல்.

இதற்கு மாற்று கார் கடையில் இல்லை, எலெக்ட்ரிகல் கடையில் இருக்கிறது. வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட 10 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் செம்புக் கம்பி, 8 கேஜைவிடச் சற்றுத் தடிமன். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வளைப்பதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இன்ஜின் சூட்டுக்காக மேலே வரிவரியான ஸ்லீவ் மாட்டியே தீர வேண்டும். ஆனால் வாங்கியது செம்புதானா என்று லைட்டரோடு அலைய வேண்டாம்.

கிட்டில் வந்த ஃபியூஸ் 60 ஆம்பியர். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஆம்பை அல்ல, ஒயரை. இந்த மெலிந்த கம்பிக்கு 60 போட்டால் ஒயர் முதலில் எரியும், ஃபியூஸ் நிதானமாக வேடிக்கை பார்க்கும். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் வாங்கி, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பொருத்தினேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதால்தான் இந்த ஒன்றரை அடிக் கணக்கு. இன்ஜின் அறையிலிருந்து ஒயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லாமல் விடவே கூடாது. தகட்டின் விளிம்பு கத்திக்குச் சமம்.

இனி இரைச்சலுக்கு வருவோம். முதலில் பொருத்தியவர் கறுப்பு ஒயரை, அதாவது எர்த்தை, சீட் போல்ட்டிலேயே முடுக்கிவிட்டார். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று ஓர் இழுப்பு; ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறியது. “ஃபில்டர் ஒண்ணு போட்டுட்டா போயிரும் சார்” என்றார். வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட். டையோடுகள் அதை டிசி ஆக்கினாலும் மேலே சிறு அலைகள் மிஞ்சும். இன்ஜின் வேகம் கூடக்கூட அந்த அலைகளும் நெருங்கி வரும். ஸ்பீக்கரில் சுருதி ஏறுவது அதனால்தான். இவை பாட்டுக்குள் புகும் வழி பெரும்பாலும் எர்த். ஸ்டீரியோவுக்கு எர்த் டேஷ்போர்டில், ஆம்புக்கு எர்த் சீட்டடியில். ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றின் கரண்ட்டும் கார் உடம்பு வழியாகத்தான் திரும்புகிறது என்பதால் இரண்டு இடத்துக்கும் சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் இந்த இரண்டையும் இணைக்கிறது. வித்தியாசம் அதன் வழியே ஓடும். அதையும் பாட்டு என்று எண்ணி ஆம்ப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

எர்த் சரியா என்று மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சாதாரண மல்ட்டிமீட்டரின் முனை ஒயரே அரை ஓம் காட்டும். நமக்கு வேண்டியது அதில் நூறில் ஒரு பங்கு. டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் தொட்டு, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டால் உண்மை வெளியே வரும். சீட் போல்ட்டில் இருந்தபோது முந்நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டித் தாண்டி ஆடியது.

கார்பெட்டைத் தூக்கி, தரைத் தகட்டில் ஓர் இடம் பார்த்தோம். அடியில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகே டிரில். எமரி பேப்பரால் பெயின்ட், அதன் கீழுள்ள பிரைமர் இரண்டும் போய் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, கிரிம்ப் செய்த ரிங் லக்கு, பல் வைத்த ஸ்டார் வாஷர், போல்ட். கறுப்பு ஒயரும் அதே 10 ஸ்கொயர், நீளம் ஒன்றரை அடிக்கும் குறைவு. கடற்காற்று ஊரில் தேய்த்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். முடுக்கியபின் மேலே பெயின்ட் தொட்டுவிட்டோம். மல்ட்டிமீட்டர் நாற்பது மில்லிவோல்ட்டுக்குள் அடங்கியது. ஆக்ஸிலரேட்டர் இழுப்பு போயே போய்விட்டது.

பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆர்சிஏ-வை மறு பக்கமும் ஓட்டச் சொல்வார்கள். எர்த் அளவுக்கு இதில் விஷயம் இல்லை, ஆனால் செலவும் இல்லை; செய்துவிடலாம். ஸ்டீரியோ ஓடும்போது ஆர்சிஏ-வைப் பிடுங்கி மாட்டுவதுதான் நிஜ ஆபத்து. சில ஸ்டீரியோக்களுக்குள் அந்த எர்த் பாதையில் இருக்கும் குட்டி ஃபியூஸ் பட்டென்று போய்விடும். பிறகு வெளியே எந்த ஒயரை மாற்றினாலும் இழுப்பு அடங்காது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க எளிய வழி உண்டு. ஆம்பை அணைத்து ஆர்சிஏ-வைக் கழற்றுங்கள். செல்போனைச் சார்ஜரில் போடாமல் நேரே ஆம்பில் இணைத்து, திரும்ப ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் தப்பு ஸ்டீரியோ பக்கம், கேபிளில், அல்லது ஸ்டீரியோவுக்கும் ஆம்புக்கும் இடையிலான எர்த் வித்தியாசத்தில். இருந்தால் ஆம்பிலோ அதன் பவர் பக்கமோ. குத்துப் பாட்டில் எந்த இரைச்சலும் தெரியாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ போல வயலின் தனித்து நிற்கும் இசையைப் போட்டுக் கேளுங்கள்.

கெய்ன் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகுபவர்கள் அதிகம். ஸ்டீரியோவைச் சிதறல் இல்லாத உச்சத்துக்கு முக்கால் அளவில் வைத்து, கெய்னைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, போதும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். மேலே ஏற்றுவது பாட்டைவிட இரைச்சலுக்குத்தான் லாபம். பொருத்தியவர் சொன்ன ஃபில்டர், அதாவது கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். மலிவானவை பேஸைத் தின்றுவிடும். எர்த்தைச் சரிசெய்தும் அடங்காத வண்டிக்கு மட்டும் அது.

கிட்டுக்கு என் தீர்ப்பு: ஆர்சிஏ, ரிமோட் ஒயர், லக்குகள் பரவாயில்லை. சிவப்பு, கறுப்பு, ஃபியூஸ் ஹோல்டர் மூன்றையும் தனியாக வாங்குங்கள். கூடுதல் செலவு ஆம்ப் விலைக்கு முன் ஒன்றுமில்லை. இன்ஜினை அணைத்த பிறகும் ட்வீட்டரில் காது வைத்தால் ‘உஸ்’ என்று மெல்லக் கேட்கிறது. அது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் சொந்தச் சரக்கு. அதற்கு ஸ்டீரியோவைத்தான் மாற்ற வேண்டும். ஓ.எம்.ஆர். போக்குவரத்தில் அது காதில் விழாததால் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.