மூலக் கோப்பின் முகவரி: ஸ்கைலைன் வழக்கத்தின் வலிவும் நலிவும்

ஸ்கைலைன் மென்பொருளில் ஓர் ஆவணத்தைச் சேமிக்கும்போது, நிறை நிறமாலைமானி அளந்த மூலத் தரவு அந்த ஆவணத்துக்குள் போவதில்லை. தரவு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு மட்டுமே போகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெக்காஸ் ஆய்வகம் உருவாக்கிய இந்தத் திறமூல மென்பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2010-இல் வெளிவந்தது. புரதங்களை அளவிடும் ஆய்வகங்களில் இன்று அது பரவலாகப் புழங்குகிறது. அதன் ‘.ஸ்கை’ ஆவணம் வெறும் எக்ஸ்எம்எல் உரை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு: மூலக் கோப்பின் முழுப் பாதை, மாதிரியின் பெயர், அளந்த நேரம். ஆய்வாளர் கேட்ட அயனிகளுக்கான குரோமட்டோகிராம்களை மட்டும் மூலக் கோப்பிலிருந்து பிரித்தெடுத்து, பக்கத்தில் ‘.ஸ்கைடி’ என்ற தனிக் கோப்பில் மென்பொருள் வைத்துக்கொள்கிறது.

இந்தப் பிரிவினை சரியான முடிவுதான். ஆர்பிட்ராப் வகைக் கருவியில் ஒரே ஓட்டம் ஒரு கிகாபைட்டைத் தாண்டுவது சாதாரணம். நூறு மாதிரி கொண்ட ஆய்வு என்றால் ஆய்வக செர்வரில் நூற்றுக்கணக்கான கிகாபைட்டு சேர்ந்துவிடும். அத்தனையையும் ஆவணத்துக்குள் திணித்தால் மடிக்கணினியில் திறக்கவே முடியாது. பிரித்தெடுத்த குரோமட்டோகிராம்கள் அதில் சிறு பங்கு இடத்தையே பிடிப்பதால், உச்சிகளைப் பார்ப்பதும் பரப்பளவைத் திருத்துவதும் விரைவாக நடக்கின்றன. ஒரே மூலக் கோப்பை ஐந்து ஆவணங்கள் சுட்டலாம், நகல் பெருகாது. எந்தப் பகுப்பாய்வும் மூலத்தைத் தொட்டு மாற்றுவதில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை.

கோப்புகள் நகரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அவை நகர்ந்தே தீரும். கருவியோடு இணைந்த கணினியின் வன்தட்டு நிரம்பியதும் பழைய ஓட்டங்கள் செர்வருக்குப் போகின்றன; செர்வர் மாறுகிறது; படிப்பு முடித்த மாணவர் தன் வெளி வன்தட்டோடு வேறு ஊருக்குப் போகிறார். ஒரு கணினியில் ‘டி’ என்றிருந்த டிரைவ் இன்னொன்றில் ‘எஃப்’ ஆகிறது. ஆவணத்தில் எழுதியிருக்கும் பாதை அன்றோடு பொய்யாகிவிடுகிறது.

ஆனால் அது பொய்யானது உடனே தெரிவதில்லை. ஆவணம் எப்போதும் போலத் திறக்கும். உச்சிகள், பரப்பளவுகள், வரைபடங்கள் எல்லாம் ‘.ஸ்கைடி’ கோப்பிலிருந்து வருவதால் ஒரு குறையும் கண்ணில் படாது. குரோமட்டோகிராமின் ஒரு புள்ளியைச் சொடுக்கி அந்த நொடியின் முழு நிறமாலையைக் கேட்டாலோ, புதிதாக ஒரு பெப்டைடைச் சேர்த்தாலோ, பிரித்தெடுக்கும் நுணுக்கத்தை மாற்றினாலோதான் மூலக் கோப்பு தேவைப்படுகிறது. அந்தத் தேவை பெரும்பாலும் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேள்வி எழுப்பும்போது, அளவீடு முடிந்து மாதங்கள் கழித்து வருகிறது. அதற்குள் கோப்பை நகர்த்தியவர் யார் என்பதே மறந்துபோயிருக்கும். வேகத்தைக் கொடுத்த அதே ஏற்பாடு இழப்பையும் மறைத்து வைக்கிறது. இந்த வடிவமைப்பின் மீது வைக்கத்தக்க முதன்மையான குற்றச்சாட்டு இதுவே.

பழைய பாதையில் கோப்பு இல்லையென்றால், ஆவணம் இருக்கும் கோப்புறையில் அதே பெயரில் ஏதேனும் உண்டா என்று ஸ்கைலைன் தேடும். ஆவணத்தையும் மூலக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து மொத்தமாக நகர்த்துபவருக்கு இது போதும். பயனர் எதையும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் பெயரை நம்பும் எந்தத் தேடலும் பெயரிடும் ஒழுங்கைப் பொறுத்தது. தரக் கட்டுப்பாட்டு மாதிரிக்கு ஒவ்வொரு தொகுதியிலும் ‘கியூசி_01’ என்றே பெயர் வைக்கும் ஆய்வகங்கள் குறைவல்ல. தேதி சேர்க்காத அந்தப் பெயர் வேறொரு நாளின் ஓட்டத்தையும் குறிக்கலாம். அளந்த நேரம் ஆவணத்திலேயே பதிவாகியிருப்பதால், கிடைத்த கோப்பு சரியானதா என்று ஒப்பிட வழி உண்டு. ஐயம் எழுந்தால் அந்த ஒப்பீட்டைச் செய்தே தீர வேண்டும்.

ஆவணத்தில் இருக்கும் பாதையை உரைத் தொகுப்பியில் திறந்து திருத்தினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். மேக்ஸ்குவான்ட் மென்பொருளின் அளவுரு எக்ஸ்எம்எல் கோப்பில் அது எளிதில் நடக்கும். அங்கும் மூலக் கோப்புகளின் முழுப் பாதைகளே எழுதப்படுகின்றன, தேடி மாற்றினால் அடுத்த ஓட்டம் புதிய இடத்திலிருந்து படிக்கும். ஸ்கைலைனில் பாதை ‘.ஸ்கைடி’க்குள்ளும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போய், மென்பொருள் அந்த அளவீட்டை மீண்டும் இறக்குமதி செய்யப் பார்க்கும்.

கோப்பை அதன் உள்ளடக்கத்தால் அடையாளம் காண்பது இதற்கு மாற்று. புரதவியல் தர நிர்ணய முயற்சியின் பொது வடிவமான எம்இசட்எம்எல் (முதல் பதிப்பு 2008) அதைத்தான் செய்கிறது. எம்எஸ்கன்வர்ட் கருவியால் மாற்றிய எம்இசட்எம்எல் கோப்பில் மூலக் கோப்பின் பெயரும் பாதையும் மட்டுமல்லாமல் எஸ்எச்ஏ-1 சரிபார்ப்புத் தொகையும் எழுதப்பட்டிருக்கும். பாதை காலாவதியானாலும் அந்தக் கைரேகை நிற்கும். அப்படியானால் எல்லாவற்றையும் எம்இசட்எம்எல்லாக மாற்றிவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. எண்களை பேஸ்64 உரையாக எழுதுவதே அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. சுருக்கும் முறைகள் இருந்தாலும், நிறுவன வடிவத்தில் உள்ள கருவிக் குறிப்புகள் எல்லாம் மாற்றத்தில் தப்புவதில்லை. மூலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்இசட்எம்எல்லை மட்டும் காப்பது துணிச்சல், சிக்கனம் அல்ல.

சரிபார்ப்புத் தொகையை எங்கும் கட்டாயமாக்குவதற்கு இன்னொரு தடை, ‘கோப்பு’ என்று வழங்குவது பல நேரம் கோப்பே அல்ல என்பது. தெர்மோ கருவியின் ‘.ரா’ ஒரே கோப்பு. வாட்டர்ஸ் கருவியின் ‘.ரா’ ஒரு கோப்புறை. அதே ஆங்கில நீட்சியைத் தாங்கி நிற்பதால் புதியவர் குழம்புவது இயல்பு. அஜிலன்ட், புரூக்கர் இரண்டின் ‘.டி’யும் கோப்புறைகள்தான். சையெக்ஸ் கருவியில் ‘.விஃப்’ ஒரு பக்கமும், நிறமாலைகளைத் தாங்கிய ‘.விஃப்.ஸ்கேன்’ மறு பக்கமும் இணையாக வாழ்கின்றன. முதலாவதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போனவர் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தைத் தொலைத்தவர். போதாக்குறைக்கு ஒரே ‘.விஃப்’ கோப்பில் பல மாதிரிகள் இருக்கலாம். ‘.டி’ கோப்புறையை அந்தந்த நிறுவனத்தின் பகுப்பாய்வு மென்பொருளில் திறந்து வேலை செய்தால் அதற்குள்ளேயே முடிவுகளும் அமைப்புகளும் எழுதப்படுவதுண்டு. நிறமாலையில் ஓர் எண்ணும் மாறாதபோதே கோப்புறையின் மொத்தத் தொகை மாறிவிடும். பாதையை மட்டும் நம்பும் வழக்கம் இத்தனை காலம் நீடித்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

பகிர்வதற்கென்று ஸ்கைலைன் தரும் ‘.ஸ்கை.ஜிப்’ பொதி ஆவணம், குரோமட்டோகிராம்கள், நிறமாலை நூலகம் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டித் தருகிறது. மூலக் கோப்புகளையும் சேர்க்கும் வசதி பின்னால் வந்த பதிப்புகளில்தான் உண்டு. வெளியீட்டுக்குப் பின் மூலக் கோப்புகளின் நிலையான இடம் பிரைடு, மாசிவ், பனோரமா பப்ளிக் போன்ற பொதுக் களஞ்சியங்களே. அங்கிருந்து இறக்கியவற்றை ஆவணத்தின் கோப்புறையிலேயே போட்டுவிட்டால் மேலே சொன்ன பெயர்த் தேடல் நன்றாகவே வேலை செய்கிறது.

அதுவரை ஆய்வகத்துக்குள் செய்யத்தக்கவை மென்பொருளுக்கு வெளியே இருக்கின்றன. கருவி, ஆண்டு, மாதம் என்று வகுத்த கோப்புறைக்குள் தேதியோடு பெயரிடுவது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக செர்வரின் பிணையப் பாதையிலிருந்தே இறக்குமதி செய்வது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பழைய இடத்தில் விண்டோஸின் குறியீட்டு இணைப்பு ஒன்றை விட்டுவைப்பது. ஆழமான கோப்புறை அடுக்கு விண்டோஸின் 260 எழுத்து வரம்பில் முட்டும் என்பதால் பெயர்கள் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். நகலெடுத்த பின், ஒவ்வொரு உள்கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்ட பிறகே மூலத்தை அழிப்பது நல்லது. அந்தப் பட்டியலை ஓர் உரைக் கோப்பாகத் தரவோடு சேர்த்து வைத்தால், எந்த உள்கோப்பு மாறியது, எது மாறவில்லை என்று பின்னால் வருபவர் பிரித்துப் பார்க்க முடியும். கோப்புறை முழுவதற்கும் ஒரே தொகை தர முடியாத தகவல் அது.